அடுத்தது எங்கே அழுத்துவது? திரையில் துடிக்கும் ஒரு பொத்தானின் வரலாறு

பாட ஸ்லைட் ஒன்றின் மூலையில் ஒரு பொத்தான் இரண்டு தடவை மெதுவாகப் பெருத்துச் சுருங்குகிறது. பிள்ளையின் விரல் அங்கே போகிறது. அடுத்த படம் வருகிறது. பார்ப்பதற்குச் சின்ன வேலைதான். பவர்பொயின்ட் பழகிய ஆசிரியர் ஒருவருக்கு இதைச் செய்ய ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை.

ஆனால் அந்தப் பொத்தான் அங்கே செய்துகொண்டிருப்பது நம்முடைய வேலையை. வகுப்பறையில் ஒரு பிள்ளை தடுமாறினால் நாம் மேசையருகே போய் விரலை வைத்து, "இங்க பாருங்க மகன்" என்று காட்டுகிறோம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் கைபேசிக்குள் போனது. நம் விரல் கூடப் போக முடியவில்லை. இப்போது கேட்பதா, எழுதுவதா, தொடுவதா, அடுத்ததற்குப் போவதா என்று சொல்லப் பிள்ளையின் பக்கத்தில் ஆளில்லை. பாடசாலைகள் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் நம்மோடு தங்கிவிட்டது. ஸ்லைட் செய்து வட்ஸ்அப் குழுவில் போடுவது இன்று பலருக்கு அன்றாட வேலை.

ஆகவே ஒரு கேள்வி வருகிறது. துடிக்கிற பொத்தானைப் பிள்ளை அழுத்துவது, செய்ய வேண்டியது விளங்கியதாலா? அல்லது அது துடிப்பதால் மட்டுமா? இதற்குப் பதில் தேடிப் போனால் நூறு ஆண்டுக் கதை ஒன்று கிடைக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

▪️ முதலில் விரல் இருந்தது

"இங்கே பார்" என்று காட்டும் தேவை கணினியோடு பிறந்ததல்ல. ஐரோப்பாவின் பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்தால் ஓரங்களில் சின்னச் சின்னக் கைகள் வரையப்பட்டிருக்கும். சுட்டுவிரல் நீட்டிய கை. வாசித்தவர்கள் முக்கியமான வரிக்கு நேரே அதை வரைந்து வைத்தார்கள். அச்சு வந்த பிறகு அந்தக் கை ஓர் அச்செழுத்தாகவே வார்க்கப்பட்டது.

1658இல் கொமேனியஸ் என்ற கல்வியாளர் பிள்ளைகளுக்கான படப் புத்தகம் ஒன்றை நியூரம்பேர்க்கில் வெளியிட்டார். ‘ஓர்பிஸ் பிக்டஸ்’ என்று அதைச் சொல்வார்கள். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம். கீழேயுள்ள வசனத்தில் அந்தப் பொருளின் பெயர் வரும் இடத்தில் அதே இலக்கம். பிள்ளையின் கண் சொல்லிலிருந்து படத்துக்கும் படத்திலிருந்து சொல்லுக்கும் தானாகவே போய் வரும். இன்று நாம் ஸ்லைட்டில் ஒரு சொல்லைத் தொட்டால் படத்தின் ஒரு பகுதி ஒளிரும்படி செய்கிறோமே, அதன் பாட்டன் இது.

நம் பக்கத்திலும் இது புதிதில்லை. குர்ஆன் மத்ரஸாவில் சின்னப் பிள்ளை எழுத்தின் கீழே ஒரு ஈர்க்கை வைத்து நகர்த்தி நகர்த்தி ஓதும். கரும்பலகைக்குச் சுட்டுக்கோல் இருந்தது. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு விடயம் இன்னும் நினைவில் இருக்கிறது: கோலால் காட்டுங்கள், காட்டியதும் கீழே இறக்குங்கள். பலகையில் அது ஆடிக்கொண்டே இருந்தால் பிள்ளை கோலைத்தான் பார்க்கும். இந்தச் சிறு விதியை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள். கதை முழுக்க அது திரும்பத் திரும்ப வரும்.

▪️ பொத்தான் வந்தது

அழுத்துவதற்குப் பொத்தான் கொண்ட பாட இயந்திரத்தைச் செய்தவர் சிட்னி பிரெஸ்ஸி. அமெரிக்காவின் ஒஹாயோ அரச பல்கலைக்கழகத்தின் உளவியலாளர். 1920களின் நடுவில் அதைக் காட்சிக்கு வைத்தார். 1926இல் அதைப் பற்றி எழுதினார். சிறிய ஜன்னலில் ஒரு கேள்வி தெரியும். நான்கு விடைகளுக்கு நான்கு விசைகள். ஒரு நெம்பை மாற்றினால் இயந்திரம் ‘கற்பிக்கும்’ நிலைக்குப் போகும். அப்போது சரியான விசையை அழுத்தும்வரை அடுத்த கேள்வி வராது. குறிப்பிட்ட அளவு சரியாகச் செய்தால் இனிப்பு ஒன்று விழும்படியும் ஓர் இணைப்பு வைத்திருந்தார்!

இங்கே கவனிக்க ஒன்று உண்டு. பிள்ளைக்கு எதுவும் மின்னிக் காட்டவில்லை. நான்கு விசைகளும் ஒரே மாதிரி. எது சரி என்று பிள்ளைதான் யோசிக்க வேண்டும். யோசித்து அழுத்திய பிறகுதான் இயந்திரம் அசைந்தது.

1953இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. எஃப். ஸ்கின்னர் தன் மகளின் நான்காம் வகுப்புக் கணித பாடத்தைப் பார்க்கப் போனார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் போக வேண்டியிருந்தது. செய்தது சரியா பிழையா என்று உடனே தெரியவும் வழியில்லை. அடுத்த ஆண்டே அவர் தன் கற்பித்தல் இயந்திரத்தைக் காட்டினார். ஸ்கின்னரோடு உடன்படாதவர்கள் நிறையப் பேர். பிள்ளையை வெறும் பழக்கங்களின் கூட்டமாகப் பார்த்தார் என்ற குறை சரியானதுதான். ஆனால் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒரு விடயம் இருக்கிறது.

1958இல் அவர் எழுதிய கட்டுரையில் ‘மெனுஃபெக்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டப் பழக்கும் ஆறு படிகள் வருகின்றன. முதற் படியில் சொல் முழுதாகத் தெரியும். பிள்ளை பார்த்து எழுதும். பிறகு அந்தச் சொல்லோடு உறவுள்ள சொற்கள். பிறகு சில எழுத்துகள் விடுபட்ட சொல். வேறு எழுத்துகள் விடுபட்ட சொல். கடைசிப் படியில் எழுத்தே இல்லை. ஒரு வசனமும் வெற்று இடமும் மட்டும். பிள்ளை தானாக எழுத வேண்டும். உதவியைக் கொடுத்து, பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மறைய விடும் முறை இது. நம் கலாசாலைச் சுட்டுக்கோல் விதியும் இதுவும் ஒன்றுதான்.

▪️ திரையில் வந்த முதல் அம்புக்குறிகளில் ஒன்று

1960இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் டொனல்ட் பிட்சர் என்ற பொறியியலாளரின் குழு ‘பிளேட்டோ’ என்ற கணினிக் கற்றல் முறையைத் தொடங்கியது. இன்று நாம் மின்கற்றல் என்று சொல்வதில் பாதி அங்கேதான் பிறந்தது. அதன் விசைப்பலகையில் ‘நெக்ஸ்ட்’, ‘பெக்’, ‘ஹெல்ப்’ என்று தனி விசைகள் இருந்தன. இன்று ஒவ்வொரு ஸ்லைட்டின் அடியிலும் நாம் வைக்கும் ‘அடுத்தது’, ‘பின்னால்’ பொத்தான்களின் பரம்பரை அங்கேயும் போய்ச் சேர்கிறது.

பிளேட்டோவில் பாடம் எழுத ‘டியூட்டர்’ என்ற மொழி இருந்தது. அதில் ஒரு கட்டளையின் பெயரே ‘அம்பு’. பாடம் எழுதுபவர் அதைக் கொடுத்தால் திரையில் அந்த இடத்தில் ஓர் அம்புக்குறி தோன்றும். ‘இப்போது உன் முறை, இங்கே விடை எழுது’ என்பது அதன் பொருள். பிள்ளை விடை எழுதும்வரை பாடம் காத்திருக்கும். அதாவது அம்புக்குறியும் காத்திருத்தலும் ஒரே கட்டளைக்குள் இருந்தன. காட்டிவிட்டு ஓடிவிடவில்லை, காட்டிவிட்டுப் பொறுத்திருந்தது.

1972இல் வந்த பிளேட்டோ நான்கில் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரை இருந்தது. நீளத்துக்கு 512 புள்ளி, உயரத்துக்கு 512 புள்ளி. திரையை 16க்கு 16 கட்டங்களாகப் பிரித்து, விரலால் தொட்ட கட்டத்தை அது அறிந்துகொண்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே பிள்ளைகள் திரையைத் தொட்டுப் படித்தார்கள்!

அதில் பின்னம் கற்பிக்க ‘டார்ட்ஸ்’ என்ற விளையாட்டு ஒன்று. ஓர் எண்கோட்டில் பலூன்கள் கட்டியிருக்கும். பலூன் இருக்கும் இடத்தின் எண்ணைப் பிள்ளை எழுத வேண்டும். எழுதியதும் ஓர் அம்பு பறந்து போகும். சரியென்றால் பலூன் வெடிக்கும். பிழையென்றால் பிள்ளை எழுதிய எண்ணுக்குரிய இடத்தில் போய்க் குத்தும். அந்த அசைவு அலங்காரத்துக்கு வைத்ததில்லை. ‘நீ சொன்ன எண் இங்கே இருக்கிறது, பலூன் அங்கே இருக்கிறது’ என்பதை அம்பே சொல்லிவிடுகிறது. சிவப்புச் சிலுவை போட்டு ‘பிழை’ என்று சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

▪️ அசைவு மலிவானது

பிறகு வந்த 1987ஐ நாம் மறக்கக் கூடாது. அந்த ஒரே ஆண்டில் மூன்று விடயங்கள். பில் அட்கின்சன் செய்த ‘ஹைப்பர்கார்ட்’ வந்தது. அட்டை ஒன்றில் பொத்தான் வைத்து, ‘அடுத்த அட்டைக்குப் போ’ என்று சாதாரண ஆசிரியரே எழுதிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. பாடம் அமைப்பதற்கான ‘ஓதர்வெயர்’ நிறுவனத்தை, முன்பு பிளேட்டோவோடு தொடர்புடைய வேலை செய்த மைக்கேல் அலன் தொடங்கினார். பவர்பொயின்ட்டின் முதற் பதிப்பும் அந்த ஆண்டில்தான். அப்போது அதில் எதுவும் அசையாது. ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் கறுப்பு வெள்ளைத் தாள்களைத் தயாரிப்பதற்காக வந்த மென்பொருள் அது.

1996இல் ஜொனதன் கே உருவாக்கிய ‘பியூச்சர்ஸ்பிளாஷ்’ வந்தது. மெக்ரோமீடியா நிறுவனம் அதை வாங்கி ‘பிளாஷ்’ என்று பெயர் வைத்தது. பிளாஷில் ஒரு பொத்தானுக்கு நான்கு நிலைகள்: சும்மா இருக்கும்போது, மவுஸ் மேலே வரும்போது, அழுத்தும்போது, நான்காவதாகக் கண்ணுக்குத் தெரியாத தொடு எல்லை. மவுஸ் மேலே வந்தால் பொத்தான் நிறம் மாறி, ‘ஆம், என்னை அழுத்தலாம்’ என்று சொல்லும். பவர்பொயின்ட்டும் 2002 பதிப்பில் வலியுறுத்தும் அசைவு, பாதைவழி நகர்தல், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும் ‘ட்ரிகர்’ எல்லாவற்றையும் தந்தது.

பொறியியலாளர் கூட்டம் மாதக்கணக்கில் செய்த வேலையை இப்போது தனி ஆசிரியர் ஒரு பின்னேரத்தில் செய்யலாம். நல்ல விடயம்தான். ஆனால் மலிவானது எதுவும் அளவோடு நிற்பதில்லை. தலைப்பு சுழன்று வந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மூலையில் நட்சத்திரம் மின்னியது. அதற்கு நடுவில் உண்மையான பொத்தானும் துடித்தது.

மைக்ரோசொப்ட் ஒஃபிஸ் 97இல் வந்த கிளிப் பொம்மையைச் சிலருக்கு நினைவிருக்கும். கடிதம் எழுதத் தொடங்கியதுமே கண்ணை உருட்டிக்கொண்டு உதவிக்கு வந்து நிற்கும். கேட்காத நேரத்தில் வந்தது, போகச் சொன்னாலும் திரும்ப வந்தது. 2001 பதிப்பில் அதை முன்கூட்டியே அணைத்து வைத்தார்கள். 2007 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். சுட்டுக்கோல் கீழே இறங்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஓர் உலகப் பாடம்.

▪️ ஆய்வாளர்கள் என்ன கண்டார்கள்?

1998இல் பென்வேயும் லேனும் செய்த ஆய்வில், இணையப் பக்கத்தில் தேவையான தகவலைப் பெரிதாக, பளிச்சென்று ஒரு பட்டையில் போட்டிருந்தார்கள். தேடியவர்களில் பலர் அதைத்தான் காணாமல் விட்டார்கள். விளம்பரம் போலத் தெரிவதைக் கண் தாண்டிப் போகப் பழகிவிட்டது.

2001இல் ரிச்சர்ட் மேயரும் போல் சான்ட்லரும் மின்னல் உருவாகும் விதத்தை விளக்கும் 140 விநாடி அசைபடத்தை எடுத்து, 16 துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒரு துண்டு முடிந்ததும் மாணவர் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்தது வரும். அப்படிப் பார்த்தவர்கள், படத்தை முழுதாக ஓடவிட்டுப் பார்த்தவர்களைவிடப் புதிய பிரச்சினைகளுக்கு நன்றாக விடை கண்டார்கள். அந்தப் பொத்தான் கொடுத்தது மூச்சு விடும் நேரம். மேயரின் வேறு ஆய்வுகள், எதைப் பார்க்க வேண்டும் என்று அடையாளம் காட்டுவது கற்றலுக்கு உதவும் என்றும், சுவைக்காகச் சேர்த்த வேண்டாத விடயங்கள் கற்றலைக் கெடுக்கும் என்றும் காட்டின.

2002இல் பார்பரா ட்வெர்ஸ்கியும் இருவரும் அசைபடக் கற்றல் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். அசையும் படம் அசையாப் படத்தைவிட மேல் என்று சொன்ன ஆய்வுகள் பலவற்றில் ஒப்பீடு நியாயமாக இருக்கவில்லை. அசையும் படத்தில் தகவலே கூடுதலாக இருந்தது. அசைவு வேகமாகவும் சிக்கலாகவும் இருந்தால் கண்ணால் பிடிக்கவே முடியாது என்றும் அவர்கள் எழுதினார்கள்.

2003இல் வந்த ஏப்ரம்ஸ், கிறிஸ்ட் இருவரின் கண்டுபிடிப்பு நம் பொத்தானுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. நம் கவனத்தை இழுப்பது அசைவு தொடங்கும் அந்தக் கணம். அசைந்துகொண்டே இருப்பதற்கு அந்தச் சக்தி இல்லை. அமைதியாக இருந்த ஒன்று திடீரென அசைந்தால் கண் போகும். எப்போதும் துடித்துக்கொண்டிருப்பது அழைக்கும் வேலையைச் செய்யாமல் இடைஞ்சலை மட்டும் செய்யும்.

▪️ ஆபத்தும் இழப்பும்

அசைவால் உடலுக்கும் தீங்கு வரலாம். 1997 டிசம்பர் 16ஆம் திகதி ஜப்பானில் ‘பொக்கிமொன்’ காட்டூனின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னின. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வைத்தியசாலைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். 2008இல் வெளியான இணைய அணுகல் வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு இரு விடயங்களைச் சொல்கிறது: எதுவும் ஒரு விநாடியில் மூன்று தடவைக்கு மேல் மின்னக் கூடாது, மற்ற விடயங்களுக்குப் பக்கத்தில் தானாகத் தொடங்கி ஐந்து விநாடிக்கு மேல் அசைவதை நிறுத்த வழி இருக்க வேண்டும். நம் ஸ்லைட்டை எந்தப் பிள்ளை பார்க்கிறது என்று நமக்குத் தெரியாது. இந்த இரண்டையும் கடைப்பிடிக்க ஒரு சதமும் செலவில்லை.

இழப்பு வேறு விதமானது. 2010இல் ஸ்டீவ் ஜொப்ஸ் பிளாஷை ஏன் ஐபோனில் சேர்க்கவில்லை என்று ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். மவுஸ் மேலே வந்தால் மாறும் பொத்தான்கள் தொடுதிரைக்குப் பொருந்தாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. உண்மைதான். விரல் திரைக்கு மேலே மிதந்து பார்ப்பதில்லை, தொட்டால் தொட்டதுதான். கடைசியில் 2020 டிசம்பர் 31உடன் அடோபி நிறுவனம் பிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. பிள்ளைகள் வீட்டிலிருந்து திரையில் படித்த அந்த ஆண்டு முடிந்த கையோடு, உலகமெங்கும் ஆசிரியர்கள் பல வருடமாகச் செய்து வைத்த அசையும் பாடங்கள் பல திறக்க முடியாதவையாகின. கருவி போகும். எதற்காக அசைத்தோம் என்ற விளக்கம் நம்மிடம் இருந்தால் வேறொரு கருவியில் மீண்டும் செய்யலாம்.

▪️ நம் ஸ்லைட்டுக்கு இதிலிருந்து எதை எடுப்பது?

1. ஒரு நேரத்தில் ஒன்றுதான் அசையட்டும். பொத்தான் துடிக்கும்போது தலைப்பும் படமும் அமைதியாக இருக்கட்டும்.

2. குரல் விளக்கம் முடிந்த பிறகே பொத்தான் அசையட்டும். பவர்பொயின்ட்டில் வலியுறுத்தும் அசைவுகளில் ‘பல்ஸ்’ஐத் தெரிந்து, ‘ஆஃப்டர் பிரீவியஸ்’ கொடுத்து, ‘ரிப்பீட்’ இரண்டு அல்லது மூன்றில் நிறுத்துங்கள். ‘அடுத்த ஸ்லைட் வரும்வரை’ என்று விடாதீர்கள். முதலிலேயே துடித்தால் பிள்ளை விளக்கத்தைக் கேட்காமல் தாண்டிவிடும்.

3. ‘ட்ரான்ஸிஷன்’ பகுதியில் மவுஸ் கிளிக்குக்கு முன்னேறும் தெரிவை எடுத்துவிடுங்கள். கண்ட இடத்தில் கிளிக் செய்தால் ஸ்லைட் தாண்டாது. பிளேட்டோவின் அம்பு போல நம் ஸ்லைட்டும் காத்திருக்கப் பழகட்டும்.

4. வினா ஸ்லைட்டில் விடைப் பொத்தான்கள் எதுவும் அழுத்துவதற்கு முன் அசையக் கூடாது. பிரெஸ்ஸியின் நான்கு விசைகள் போல ஒரே மாதிரி இருக்கட்டும். அழுத்திய பிறகு வரும் அசைவு, டார்ட்ஸ் அம்பு போல, ஏன் பிழை என்பதைக் காட்டட்டும்.

5. அசைவை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்லைட்டை பிடிஎஃப் ஆக்கினால் அசைவு இல்லாமல் போகும். சில கைபேசிகளில் முன்னோட்டமாகத் திறந்தாலும் அப்படித்தான். ‘இதைத் தொடுங்கள்’ என்று எழுத்திலும் இருக்கட்டும்.

6. முதல் இரண்டு மூன்று ஸ்லைட்டில் பொத்தான் துடிக்கட்டும். பிறகு ஒரு தடவை மட்டும். பிறகு சும்மா இருக்கட்டும். ஸ்கின்னரின் ஆறு படிகள் போல உதவி மறையட்டும்.

ஆறாவதைத்தான் நாம் அதிகம் விட்டுவிடுகிறோம். பிள்ளைக்கு இலகுவாக இருக்கட்டும் என்று கடைசி ஸ்லைட்வரை மின்ன விடுகிறோம். இந்தப் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் மற்ற செயலிகள் எல்லாம் மின்னுவதைத் தொடப் பழக்கிக்கொண்டிருக்கின்றன. பாடமும் அதையே பழக்கினால், மின்னாத இடத்தில் பிள்ளை என்ன செய்யும்? பரீட்சைத் தாளில் எதுவும் துடிப்பதில்லை. சரியான விடை தன்னைக் காட்டிக்கொள்வதுமில்லை.

அடுத்த தடவை ஸ்லைட் செய்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். எந்த விளக்கமும் சொல்லாமல் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். முதல் ஸ்லைட்டில் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள். பிறகு கடைசி மூன்று ஸ்லைட்டில் எல்லா அசைவையும் எடுத்துவிட்டு அதே பிள்ளையிடம் கொடுங்கள். அங்கேயும் தயங்காமல் போகிறது என்றால் உங்கள் பொத்தான் தன் வேலையைச் செய்துவிட்டது. நின்றுவிட்டது என்றால் எந்த இடத்தில் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்கு நம் விரல் தேவைப்படும் இடம் அதுதான்.